உப்பிலியபுரத்துக்கு வந்த பூக்கூடை

அம்மா உப்பிலியபுரத்தில் சாகக் கூடாது என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை. அப்படி ஒன்று நடக்கக் கூடும் என்றே எனக்குத் தோன்றியதில்லை.

அம்மா திருச்சிக்காரி. மேலப்புதூரில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு உப்பிலியபுரத்துப் பள்ளியில் டீச்சர் வேலை கிடைத்தபோது, கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் கூடவே வந்துவிட்டாள். அண்ணன் துபாயில் இருந்தான். வாடகை வீட்டு வாசலில் நின்றால் எதிரே பச்சைமலை தெரியும். "நாள் பூரா இந்த மலையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கச் சொல்றியா?" என்று அம்மா சலித்துக்கொள்வாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது என்னையும் இழுத்துக்கொண்டு திருச்சிக்குக் கிளம்பிவிடுவாள்.

போவது பூ வாங்கத்தான். மேலப்புதூர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பீடத்தில் பூ வைப்பது பல வருஷமாக அம்மாவின் வேலை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போவோம். அங்கே ஒரே ஒரு கடைதான் அம்மாவுக்கு. நெற்றி நிறையத் திருமண் இட்ட பூக்கடைக்காரர், அம்மாவைப் பார்த்ததும் சம்பங்கிக் கூடையை முன்னால் நகர்த்திவிடுவார். "உங்க சாமிக்கு வெள்ளைதானே பிடிக்கும்" என்பார். அம்மா ஒவ்வொரு காம்பாகத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குவாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அரித்துக்கொண்டிருப்பேன்.

அந்த ஆனி மாசத்தில் ஒரு விடியற்காலை, நெஞ்சு அடைக்கிறது என்று அம்மா எழுந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டாள். நான் சொம்போடு வருவதற்குள் சாய்ந்துவிட்டாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வீட்டுக்கே வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெயில் காலம்மா, ரொம்ப நேரம் வைக்காதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்பா திருச்சிக் கல்லறையில் இருக்கிறார். பக்கத்தில் அம்மாவுக்கு இடம் இருந்தது. எப்படியாவது கொண்டு போய்விட வேண்டும் என்று வீட்டுக்கார அக்காவின் புருஷன் ஊர் முழுக்க வண்டி கேட்டு அலைந்தார். முகூர்த்த நாள். எல்லா வேனும் கல்யாணத்துக்குப் போயிருந்தது. லாரிக்காரர்கள் பிணம் என்றதும் தலையை ஆட்டிவிட்டார்கள். கடைசியில் பக்கத்து ஊர்ப் பங்குச் சாமியாருக்கு ஆள் அனுப்பினோம். நாலு மணிக்கு வருவதாகச் சொன்னார். உள்ளூர் ஆசாரி பெட்டி செய்ய உட்கார்ந்தார். அண்ணனுக்குத் தந்தி கொடுத்தேன், அவனால் வர முடியாது என்று தெரிந்தே.

அம்மாவைத் திருச்சிக்குக் கொண்டு போக முடியாது என்று ஆனதும் எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது. திருச்சியிலிருந்து ஒரு பூவாவது அம்மாவுக்கு வர வேண்டும். அதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. உப்பிலியபுரத்தில் கனகாம்பரச் சரமும் அரளியும் கிடைக்கும். "அது போதும் டீச்சர்" என்றாள் வீட்டுக்கார அக்கா. போதாது என்று கத்திவிட்டுப் போஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன்.

பூக்கடையில் போன் கிடையாது. பக்கத்து மருந்துக்கடைக்குப் போன் செய்தால் கூப்பிட்டுவிடுவார்கள், அதுதான் பி.பி. நம்பர். அர்ஜென்ட் டிரங்க் கால் போட்டேன். போஸ்ட் மாஸ்டர் தொண்டை கிழிய "ஹலோ, திருச்சி! திருச்சி!" என்று கத்துவதும், லைன் அறுந்து போவதுமாக இருந்தது. வாசலில் வெயில் ஏற ஏற, அங்கே அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்று வாசலுக்கும் கவுண்டருக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கால் கிடைத்து, பூக்கடைக்காரரைக் கூட்டி வந்ததும், டைப்பிஸ்ட் அம்மா பொண்ணு பேசுகிறேன் என்றேன்.

"யாரு, டைப்பிஸ்ட் அம்மா பொண்ணா? சொல்லுங்கோ."

"அம்மா போயிட்டாங்க."

லைன் மறுபடி அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பெருமாளே," என்றார் அவர். "எந்த ஊர்ல இருக்கேள்? பஸ் ஏதாவது இருக்கா?"

பகல் பஸ்ஸைச் சொன்னேன். "நீங்க அங்க அம்மாவைப் பாருங்கோ. சம்பங்கியில சிலுவையாவே கட்டி, நானே சத்திரத்துக்குப் போய் கண்டக்டர் கையில கொடுத்துடறேன்" என்றார்.

பஸ் வரும் நேரத்துக்கு வெகு முன்பே ஸ்டாண்டில் போய் நின்றேன். வந்ததும் கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, பஸ் கூரை மேல் ஏறியவனிடம், "பூக்கூடை ஒண்ணு இறக்குப்பா. இன்னொண்ணு கல்யாண வீட்டுது, அடிவாரத்துல இறங்கணும், அது இருக்கட்டும்" என்றார். மூங்கில் கூடை, மேலே வாழை இலை, அதன் மேல் ஈரச் சாக்கு. தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக் கழுத்தில் வழிந்தது. காலையிலிருந்து அப்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

அம்மாவின் தலைமாட்டில் கூடையை வைத்து, நானே சாக்கை அவிழ்த்தேன்.

உள்ளே ரோஜா மாலை. ஜரிகை சுற்றிய இரண்டு பெரிய மாலைகள். ஓரத்தில் மல்லிகையும் மரிக்கொழுந்தும் வைத்துத் தைத்த ஒரு பூ ஜடை, மணப்பெண்ணின் பின்னலில் வைக்கிறது. ரோஜா வாசனை அந்த அறை முழுக்கப் பரவியது.

என் பூ போய்விட்டதே என்ற துக்கம் ஒரு நொடிதான். அடுத்த நொடி கண்டக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. என்னுடைய கூடை கல்யாண வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கே யாரோ ஒரு தாய் சந்தோஷமாக அதைத் திறக்கப் போகிறாள். உள்ளே சாவுச் சிலுவை. மாப்பிள்ளை வீட்டார் அதைப் பார்த்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன?

எங்கள் பள்ளி பி.டி. மாஸ்டர் புல்லட்டில் வந்து வாசலில் நின்றிருந்தார். கூடையை மறுபடி கட்டி எடுத்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். "சார், அந்த பஸ்ஸைப் பிடிக்கணும்."

வீட்டுக்கார அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெத்தவளைப் போட்டுட்டு எங்க போறீங்க? சாமியார் வர நேரம். குளிப்பாட்டணும், பொண்ணு நீங்க இல்லாம யாரு செய்யறது? வேற யாரையாவது அனுப்புங்க."

"வேற யாரு போனாலும் நம்ப மாட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

மடியில் கல்யாணக் கூடையை அணைத்துக்கொண்டு, வழியெல்லாம் ஜெபமாலை சொல்லப் பார்த்தேன். அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அடிவாரம் போய்த் திரும்பி எதிரே வந்த அதே பஸ்ஸை மறித்துக் கேட்டோம். "இப்பதான் சார் இறக்கினோம், சைக்கிள்ல வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறாங்க" என்றார் கண்டக்டர்.

கடலைக் காட்டை ஒட்டிய மண் பாதையில் அவர்களைப் பிடித்துவிட்டோம். இரண்டு பேர். புதுச் சட்டை, நெற்றியில் சந்தனம் வைத்த பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டிருந்தார். கேரியரில் கூடை. கூட வந்தவர் அவருடைய மைத்துனர்.

"ஐயா, கொஞ்சம் நில்லுங்க. கூடை மாறிடுச்சு. உங்களுது இதுங்க."

பெரியவர் சிரித்தார். "அட, இதுக்காகவா இந்த வெயில்ல வந்தீங்க? இருங்க, எது யாருதுன்னு பார்த்துடுவோம்." கேரியர் கயிற்றை அவிழ்க்கக் கை நீட்டினார். நான் பாய்ந்து சாக்கின் மேல் கையை வைத்து அழுத்தினேன்.

"தொறக்காதீங்க."

"ஏம்மா?"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. "எங்கம்மா காலையில இறந்துட்டாங்க. அது அவங்களுக்கு வந்ததுங்க."

சுட்டது மாதிரி கையை இழுத்துக்கொண்டார். மைத்துனர் இரண்டடி பின்னால் போனார். பெரியவர் மெதுவாகக் கேட்டார்: "எங்க கூடையைத் தொறந்துட்டீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்லத் தெம்பு இல்லை. "தொறந்துட்டோங்க. அம்மா பக்கத்துல வச்சு."

"வேணாம் மச்சான்," என்றார் மைத்துனர். "சாவு வீட்டுக்குள்ள போன மாலை. ரெண்டையும் கிணத்துல போட்டுட்டு வேற பூ வாங்கிக்கலாம்."

"வேற பூவுக்கு எங்க போறது? சாயங்காலம் பொண்ணு அழைப்பு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கல்லாம் வந்து உட்கார்ந்துட்டாங்க." பெரியவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, புதுவேட்டி அழுக்காவதைக்கூடப் பார்க்காமல் வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. நான் செய்தது ஒன்றுமில்லை, ஆனாலும் அவர் வீட்டுக்குச் சாவைக் கொண்டு வந்து சேர்த்தவள் நான்தான் என்று தோன்றியது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாரோ. பிறகு எழுந்து, தானே கயிற்றை அவிழ்த்தார். என் கூடையைத் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, ரோஜாக் கூடையைக் கேரியரில் கட்டினார். மைத்துனரிடம், "நீ ஒண்ணும் பார்க்கல. உங்க அக்காகிட்ட மூச்சு விட்டேன்னா அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வந்துடாதீங்க." சைக்கிளைத் தள்ளத் தொடங்கியவர் நின்று, "அம்மாவுக்கு என்ன செஞ்சுது?" என்று கேட்டார்.

"நெஞ்சு வலிங்க."

"ஐயோ" என்றார். அதற்குமேல் நிற்கவில்லை.

நான் திரும்பி வந்தபோது சாமியார் வந்து ஜெபம் தொடங்கிவிட்டார். அம்மாவைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அக்காவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் குளிப்பாட்டி, டிரங்குப் பெட்டியில் கைக்குக் கிடைத்த பச்சைச் சேலையைக் கட்டியிருந்தார்கள். ஜெபமாலையை என்ன செய்வதென்று தெரியாமல் மாலை மாதிரி கழுத்தில் போட்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது? என் அம்மாவைக் கடைசியாகத் தொட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியது நான் இல்லை. அந்த நேரத்தில் நான் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்காகக் கடலைக் காட்டில் நின்றிருந்தேன். ஜெபமாலையை எடுத்து அம்மாவின் விரல்களில் சுற்றினேன். விரல்கள் வளையவில்லை.

கூடையைத் திறந்தேன். பஸ் கூரை வெயிலிலும் அந்த அலைச்சலிலும் சம்பங்கி ஓரமெல்லாம் பழுத்துப் போயிருந்தது. சிலுவையின் ஒரு கை கழன்று தொங்கியது. நார் வாங்கிக் கட்டப் பார்த்தேன். முடிச்சு விழவில்லை. வீட்டுக்கார அக்கா என்னை நகரச் சொல்லிவிட்டு, தானே உட்கார்ந்து கட்டினாள். அவளுக்கு அது எந்தச் சாமியின் அடையாளம் என்பதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. "இந்தப் பக்கம் மேலயா டீச்சர், அந்தப் பக்கமா?" என்று கேட்டுக் கேட்டுக் கட்டினாள். அதை அம்மாவின் நெஞ்சின் மேல் வைத்தோம். பிறகு ஆசாரி ஆணி அடித்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

ஊருக்கு வெளியே, அப்பாவிடமிருந்து அவ்வளவு தூரத்தில், கல்லும் கரம்பையுமான மண்ணில் அம்மாவை வைத்துவிட்டு வந்தோம்.

அந்த வருஷம் முழுக்க நான் திருச்சிக்கு மாற்றல் கேட்டுக்கொண்டே இருந்தேன், கிடைக்கவில்லை. தை மாதம் போல ஒருநாள் துறையூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் அந்தப் பெரியவர் ஏறினார். கூட ஒரு இளம்பெண். ஆறு மாசம் இருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினாள். அவர் என்னைப் பார்த்துவிட்டார். சட்டென்று மகளுக்கும் எனக்கும் நடுவில் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் பார்வை அவள் மேல் விழாதபடி நின்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது, "அப்பா, இப்படி உட்காருங்கப்பா, எவ்வளவு நேரம் நிப்பீங்க" என்று அந்தப் பெண் சொல்வது கேட்டது. நல்ல கணீரென்ற குரல். அவர் உட்காரவில்லை. நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வெயிலில் வேறு பஸ்ஸுக்குக் காத்து நின்றேன்.