உருகிப்போன சிவப்புக் கார்

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று போனைத் திறந்தேன். ஒரே ஆளிடமிருந்து பதினொரு செய்திகள். முதலாவது ஒரு படம். சிவப்பாக ஏதோ ஒன்று, வெயிலில் மறந்துபோய் வைத்த வெண்ணெய்க்கட்டி மாதிரி நடுவில் குழிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்த பிறகுதான் அது ஒரு கார் என்று விளங்கியது. மிச்சப் பத்துச் செய்தியும் ஒன்றைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லின. நீங்கள் சொன்னபடிதான் செய்தேன் சின்யோரா, இப்போது பாருங்கள். இங்கே பெண்களை மரியாதையாகச் சின்யோரா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் சொன்னபடி அவர் செய்யவில்லை. அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் நான் என்ன சொன்னேன் என்பதற்கு முன்னால், இத்தாலியின் பலெர்மோவில் வீடு துடைக்கிற ஒரு மன்னார்க்காரிக்குப் பொம்மைக் கார்களோடு என்ன வேலை என்பதைச் சொல்ல வேண்டும். எல்லோரும் கேட்கிற கேள்வி அது. பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்யும் வீட்டுக்காரச் சின்யோராவின் கணவர் செத்துப்போனபோது, அவருடைய அறை அலுமாரியில் இருந்த பெட்டிகளைக் கொண்டுபோய்க் குப்பையில் போடச் சொன்னா. இருபதுக்கு மேல் இருக்கும். ஒன்றைத் திறந்து பார்த்தேன். வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டத்தில் காய் காய்த்த மாதிரிச் சின்னச் சின்னத் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. சில்லு, கதவு, ஸ்டியரிங், நகத்தைவிடச் சிறிய கண்ணாடி. வெட்டி எடுத்து, ஒட்டி, பெயின்ற் அடித்தால் உண்மையான காரை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கிய மாதிரி வரும். எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். சின்யோராவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். பிள்ளைக்குத்தானே, கொண்டுபோ என்றா. என் பிள்ளைக்கு அப்போது பதினாறு வயது. அவளுக்குக் காரும் வேண்டாம், கப்பலும் வேண்டாம்.

மூன்று தடவையாகப் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு என் மனிசன் கேட்டார்.

"இதுகளை வச்சு என்ன செய்யப் போறீர்?"

"ஒட்டப் போறன்."

அவர் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் திங்கட்கிழமை துடைத்த நிலம் செவ்வாய்க்கிழமை ஊத்தையாகிவிடும். செவ்வாய் மினுக்கிய கண்ணாடியில் புதன் கைரேகை இருக்கும். பத்தொன்பது வருடமாக இதுதான். ஒட்டி முடித்த கார் முடித்தபடியே இருக்கும். அவ்வளவுதான் காரணம். ஆழமாக வேறெதுவும் இல்லை.

முதல் கார் பசையில் கைரேகை பதிந்து நாசமாகப் போனது. இரண்டாவதின் பெயின்ற்றில் தூசு. இந்த ஊரில் ஷிரோக்கோ காற்று வீசினால் கடல் தாண்டி ஆபிரிக்காவிலிருந்து செம்மண் வரும். பல்கனிக் கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் தேத்தண்ணீர் நிறமாகிவிடும். அந்தத் தூசு பூட்டிய சன்னலுக்குள்ளாலும் வந்து, ஈரப் பெயின்ற்றைத் தேடிப் பிடித்து உட்காரும். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சுடுதண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஆவி எழும்பித் தூசையெல்லாம் கீழே இறக்கிவிடும். ஆவி அடங்கிய பிறகு, குளிக்கிற தொட்டிக்குள் காரை வைத்து மெல்லிசாகப் பெயின்ற்றை விசிற வேண்டும். கதவுக்கு வெளியே மனிசன் தோளில் துவாயோடு நின்று பெருமூச்சு விடுவார். மகள் இத்தாலியனில் ஏதோ முணுமுணுப்பாள். அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் சொல்லமாட்டாள்.

அடித்த பிறகு காய வைப்பது இன்னொரு தலையிடி. மழைக்காலத்தில் எங்கள் வீட்டுச் சுவரே காயாது. மோர்மிளகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் என்று வாங்கிய மின்சாரப் பெட்டி ஒன்று இருந்தது. மெல்லிய சூட்டுக் காற்று சுழன்று சுழன்று உள்ளே இருப்பதைக் காய வைக்கும். அதன் தட்டுக்களைக் கழற்றிவிட்டு, நாற்பது பாகையில் காரை வைத்துப் பார்த்தேன். எடுக்கும்போது பெயின்ற் கண்ணாடி மாதிரி இறுகியிருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மோர்மிளகாய் கடையில் வாங்குகிறோம். அதுவும் ஒரு முறைப்பாடு.

சின்யோராவின் கணவர் ஒரு சங்கத்தில் இருந்தவர். நகரின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில், மாதா கோயில் பங்குக்குச் சொந்தமான அறையில், சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒன்பது ஆண்கள் கூடிக் கார் ஒட்டுவார்கள். நான் செய்த ஒரு பச்சைக் காரைப் பார்த்துவிட்டுச் சின்யோராதான் அவர்களுக்குப் போன் பண்ணி என்னை அனுப்பிவைத்தா. கதவைத் திறந்தவர் என்னைக் கண்டதும் விலகி வழிவிட்டு, தும்புத்தடி கதவுக்குப் பின்னால் இருக்கிறது, முதலில் கழிவறையிலிருந்து தொடங்குங்கள் என்றார். நான் கார் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அவர் வாசலில் எட்டிப் பார்த்து, எங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.

பையைத் திறந்து பச்சைக் காரை மேசையில் வைத்தேன். ஒன்பது பேரும் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். தூசு இல்லை, ஒரு புள்ளிகூட இல்லை என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். தலைவர் என் பக்கம் திரும்பி, உங்கள் கணவருக்கு நல்ல கை என்றார். என் மனிசனுக்கு ஆணி அடிக்க வராது என்பதை அந்த இடத்தில் நான் சொல்லவேண்டி வந்தது.

பிறகு போனில் இருக்கும் தங்கள் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். சேர்த்த நாளிலிருந்து கேள்விதான். எப்படித் தூசு இல்லை, எப்படி இந்த மினுக்கம். வேலை முடிந்து பஸ்ஸில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எழுதினேன். சுடுதண்ணீர், ஆவி, எல்லாம் எழுதினேன். நாற்பது பாகை, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும், தனியே விட்டுவிட்டுப் போகக்கூடாது என்றும் எழுதினேன்.

அதைப் படித்துத்தான் பக்கத்து ஊரான பகேரியாவிலிருந்து சங்கத்துக்கு வரும் ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் தன் சிவப்புப் பந்தயக் காரை உருக்கினார்.

அந்தப் பதினொரு செய்தியையும் அவர் குழுவில்தான் போட்டிருந்தார். நான் பதில் எழுத முன்னமே குழு முழுக்க எழுந்துவிட்டது. ஒருவர் இது வேண்டுமென்று செய்த வேலையாக இருக்காது என்று எழுதினார். வேண்டுமென்று என்ற பேச்சை யாருமே அதுவரை எடுக்கவில்லை. தலைவர், ஒரு சின்ன மன்னிப்புக் கேட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றார். கண்காட்சிக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்று இன்னொருவர் ஞாபகப்படுத்தினார். வீட்டுக்கு வந்தும் கதிரையில் இருக்காமல் கத்திக்கொண்டு நடந்தேன். நாற்பது என்று எழுதினேன், நாற்பதில் எந்தப் பிளாஸ்டிக் உருகும், நாற்பது பாகையில் நாங்களே ஆடி மாதம் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறோமே என்றேன். மகள் என் போனை வாங்கி நான் எழுதியதை மேலிருந்து கீழாக வாசித்தாள்.

"அம்மா, நீங்கள் ஃபோர்னோ எண்டெல்லோ எழுதியிருக்கிறீங்கள்."

"சின்ன ஃபோர்னோ எண்டுதான் எழுதினனான்."

"சின்னனோ பெரிசோ, ஃபோர்னோ எண்டால் அடுப்புத்தான். எங்கடை பெட்டிக்கு எஸ்ஸிக்கத்தோரே எண்டு சொல்லுறது."

பத்தொன்பது வருடம் இந்த ஊரில் அடுப்புத் துடைத்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு வேறு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

எங்கள் வேலையில் வியாழன் பிற்பகல் ஓய்வு. அந்த வியாழன், காய வைக்கிற பெட்டியைச் சந்தைப் பையில் போட்டுக்கொண்டு பகேரியாவுக்கு ரயில் ஏறினேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. எது எஸ்ஸிக்கத்தோரே, எது ஃபோர்னோ என்று காட்டத்தான் போனேன். ரயில் இடையில் காரணம் சொல்லாமல் நின்றது. கோபம் ஆறிவிடும்போல் இருந்ததால் அந்தப் படத்தை எடுத்து இன்னொரு தடவை பார்த்தேன்.

கதவைத் திறந்தது அவருடைய மனைவி. நீங்களா அந்தச் சின்யோரா என்று கேட்டுவிட்டு, நான்கு நாளாக அடுப்பில் வைக்கிற கத்தரிக்காயெல்லாம் பெயின்ற் மணக்கிறது என்றா. உள்ளே அவர் குசினி மேசையில் காரை வைத்துக்கொண்டு இருந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. காரை என் பக்கமாகத் தள்ளினார்.

அடுப்பை எத்தனையில் வைத்தீர்கள் என்று கேட்டேன். ஐம்பதில், அதற்குக் கீழே குமிழில் இலக்கம் இல்லை என்றார். நான் எழுதியது நாற்பது என்றேன். பத்துப் பாகை ஒரு வித்தியாசமா என்று கேட்டார். அடுப்பு சூடேறும்போது அடியில் இருக்கும் கம்பி நெருப்பாகச் சிவக்கும், அந்த நேரம் உள்ளே ஐம்பதும் இல்லை, நூறும் இல்லை, அதற்கும் மேல் என்று கையை விரித்துக் காட்டி விளக்கினேன். அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்றும் கேட்டேன். கோப்பி குடிக்க பார் வரைக்கும் போனார், பந்தாட்டக் கதை முடியுமட்டும் வரவில்லை என்று மனைவி அடுப்படியிலிருந்து சொன்னா.

அப்போதுதான் மேசையில் ஒரு தீப்பெட்டிக்குள் அந்தக் காரின் நாலு சில்லையும் கண்டேன். பெயின்ற் காய முதல் பூட்டக்கூடாது என்று தனியே எடுத்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு சில்லிலும் கம்பிகள். பெட்டியோடு வந்த தடித்த பிளாஸ்டிக் கம்பிகள் இல்லை. நூலை இழுத்துக் கட்டி, பசையில் விறைக்க வைத்து, ஒன்றுக்குக் குறுக்காக ஒன்று போட்டு அவரே செய்தவை. ஒரு சில்லில் நாற்பதுக்கு மேல் எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். எனக்கு அது வராது. ஒரு கண்ணில் புரை விழுந்த மனுசன் பத்து மாதம் இருந்து செய்திருக்கிறார். இவ்வளவு கெட்டிக்காரன் ஏன் ஈரப் பெயின்ற்றை அடுப்பிடம் விட்டுவிட்டுப் பாரில் போய் இருந்தான் என்று எனக்கு முந்தியதைவிடக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே சொன்னேன்.

"நான் ஃபோர்னோ என்று எழுதியது பிழை. அது வேறு சாமான்."

"ஓம், பிழைதான்" என்கிற மாதிரித் தலையாட்டினார். தன் பக்கத்துப் பிழையைப் பற்றி ஒரு சொல் சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

அவரோ ஒரு யோசனை சொன்னார். மறுபடி சூடாக்கி, உள்ளேயிருந்து கரண்டியால் தள்ளி நிமிர்த்தலாமாம். அடுப்புக்குக் கிட்டவும் வராதே என்று மனைவி சொன்னா. நானும் சொன்னேன். உருகிய பிளாஸ்டிக் ஒருநாளும் பழைய தடிப்புக்கு வராது, கூரையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக்கூரை போட வேண்டும் என்றேன். வெட்ட விடமாட்டேன் என்றார். கோப்பி வந்தது, குடித்தோம், மறுபடியும் விடமாட்டேன் என்றார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழும்பியபோது வாளை எடுத்துத் தந்தார். பிளாஸ்டிக் அறுக்கிற கையளவு வாள். வெட்டும்போது அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அடுத்த வியாழன் தயிர்க் கோப்பைகளோடு போனேன். அந்த வெள்ளைக் கோப்பைகளும் காரின் பிளாஸ்டிக் சாதிதான், அதே பசை பிடிக்கும். அவர் அந்தக் கிழமைக்குள் மரத்தில் கூரையின் வடிவத்தைச் செதுக்கி வைத்திருந்தார். மேல்வீட்டுக்காரரிடம் பழைய பெயின்ற் உரிக்கிற சூட்டுக் காற்று மெசின் இருந்தது. கோப்பையை விரித்துச் சட்டத்தில் இறுக்கி, சூடு காட்டி, இளகும் நேரம் பார்த்து மரத்தின் மேல் அமுக்க வேண்டும். நான் சூடு காட்ட, அவர் அமுக்கினார். முதலாவது கருகியது. இரண்டாவது சுருங்கியது. நான் சொல்ல முன்னம் அமுக்குகிறார் என்று நான் சொன்னேன். நான் பிந்திச் சொல்கிறேன் என்று அவர் சொன்னார். பதினொன்றாவது கோப்பையில் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமல் இருந்தோம். அது சரியாக வந்தது. மூன்றாவது வியாழன் அதை ஒட்டி, தேய்த்து, என் குளியலறைக்குக் கொண்டுவந்து சிவப்பு அடித்து, என் பெட்டியில் நாற்பது பாகையில் காயவைத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் போன் எடுத்தார்.

கண்காட்சி பங்கு மண்டபத்தில் நடந்தது. அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு சிவப்புக் காருக்குப் பக்கத்தில் காலையிலிருந்து நின்றார். வருகிற ஒவ்வொருவருக்கும் என்னைக் கையால் காட்டி, அந்தச் சின்யோராதான் இந்தக் காரை உருக்கினவர் என்று சொன்னார். ஆட்கள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் பச்சைக் காரைப் பார்த்தவர்களைவிட என்னைப் பார்த்தவர்கள்தான் கூட. மத்தியானம் வரைக்கும் பொறுத்தேன். பிறகு போய், உருக்கினதைச் சொல்கிறீர்கள், கூரையை யார் செய்தது என்றும் சொல்லலாம்தானே என்று கேட்டேன்.

அவர் குனிந்து தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எங்கே உருகியது என்று தேடச் சொல்லியிருக்கிறேன். காலையிலிருந்து ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. நீங்கள் வந்து காட்டிக் கொடுக்கப் பார்க்கிறீர்கள்."

பார்த்தால், மூக்குக் கார் கண்ணாடியில் முட்டுமளவுக்கு இரண்டு பேர் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முன் பக்கத்தைக் காட்டி இங்கேதான் என்றார். பஸ் சாரதி, இல்லை என்று சந்தோசமாகத் தலையாட்டினார். எனக்கு அந்த இடத்தில் என்ன முகம் வைப்பது என்று தெரியவில்லை. போய் என் மேசையில் இருந்தேன்.

கண்காட்சிக்குப் பிறகு தலைவர், என் முறைகளை ஒழுங்காக எழுதித் தரச் சொன்னார். நான் தமிழில் சொல்ல, மகள் இத்தாலியனில் எழுதினாள். எஸ்ஸிக்கத்தோரே என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டாள். அதற்குக் கீழே, அடுப்பு அல்ல, எந்த அடுப்பும் அல்ல, என்று தனி வரியாக எழுதினாள். இரண்டு பேரும் மூன்று தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் குழுவில் போட்டோம்.

அரை மணித்தியாலம் ஆகவில்லை. கதவைத் திறந்து எனக்குத் தும்புத்தடியைக் காட்டினாரே, அவர் கேட்டிருந்தார். தன்னிடம் அந்தப் பெட்டி இல்லை, மனைவியின் தலைமயிர் காயவைக்கிற மெசின் இருக்கிறது, அதைக் கிட்டப் பிடித்தால் கெதியாகக் காயும்தானே என்று.

என்ன எழுதுவது என்று மகள் கேட்டாள். வியாழக்கிழமை வரைக்கும் ஒன்றையும் தொட வேண்டாம், வீட்டு முகவரியை அனுப்புங்கள் என்று எழுதச் சொன்னேன்.