துவைத்த லினன் சட்டையும் வெள்ளிமலைப் பயணமும்

மனசு ஓரிடத்தில் நிற்காதபோதெல்லாம் நான் சட்டை வாங்குவேன். போன மாதம் மட்டும் நான்கு. அதில் ஒன்று எனக்கில்லை, வெள்ளிமலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரருக்கு. அதைக் கொடுக்கத்தான் போன ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்கு வண்டியைக் கிளப்பினேன்.

விஷயம் இதுதான். போன வருஷம் மாமா புது வீடு குடிபோனபோது, நேரில் போய் வைக்க வேண்டிய வேட்டி சட்டையைக் கொரியரில் அனுப்பிவிட்டேன். லீவு கிடைக்கவில்லை என்றேன். பொய். அன்றோடு மாமா என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இப்போது அவர்கள் குழந்தைக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதுதான் முறை. "உங்க பெரியப்பா பையன் மடியே போதும்" என்று மாமா சொல்லிவிட்டதாக அக்கா போனில் அழுதாள்.

விழுப்புரத்தில் காலை 6.50க்குக் கிளம்பி, 8.45க்குக் கள்ளக்குறிச்சி. பெட்ரோல் 400 ரூபாய், இட்லி காபி 65. அங்கிருந்து நேராக மலைக்குப் போயிருக்கலாம். மாமா முகத்தை நினைத்தால் கால் வரவில்லை. சும்மா நிற்கவும் முடியவில்லை. ஒரு துணிக்கடை ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே நுழைந்து, எனக்கென்று கட்டம் போட்ட அரைக்கைக் காட்டன் சட்டை ஒன்று வாங்கினேன். 42 சைஸ், 850 ரூபாய். பக்கத் தையல் இரட்டையாக இருந்தது, கட்டங்கள் பாக்கெட்டில் பிசகாமல் சேர்ந்திருந்தன. அந்த விலைக்கு நல்ல துணி. வீட்டில் மூன்று பிரிக்காமல் கிடக்கிறதே என்று கேட்காதீர்கள்.

கச்சிராயபாளையத்தில் டீ குடித்தபோது கடைக்காரர், "மேல பங்க் கம்மிங்க, இங்கியே போட்டுக்கினு போங்க" என்றார். கேட்டுக்கொண்டேன். அதன்பின் மலை வளைவுகள். காட்சி நன்றாகத்தான் இருந்திருக்கும், நான் எங்கே பார்த்தேன்? கள்ளக்குறிச்சியிலிருந்து என் மீட்டரில் 47 கிலோமீட்டர். 11.40க்கு மாமா கடை வாசலில் நின்றேன்.

லினன் சட்டை, 40 சைஸ், 2,390 ரூபாய். இந்த வலைப்பதிவில் நான் எப்போதும் சொல்வதுபோல் இரண்டு முறை துவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கவிட்டு, தேய்த்து எடுத்துப் போயிருந்தேன். மாமா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினார்.

"இன்னா இது, பின்னு இல்ல, அட்ட இல்ல?" முகர்ந்து பார்த்தார். "சோப்பு வாசன அடிக்குது. நீ போட்டுக் கழட்டுனத எனக்குக் கொண்டாந்தியா?"

ஒரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தைகள்.

"ஐயோ, புதுசுங்க மாமா. தொவச்சாதாங்க மெத்துன்னு இருக்கும்…"

அக்கா கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து ஓடி வந்தாள். "அறிவிருக்காடா? வெச்சிக் குடுக்கிற துணிய எவனாச்சும் தண்ணில நனைப்பானா?"

இத்தனை சட்டை வாங்கியவனுக்கு இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வண்டிக்கு ஓடி, காலையில் வாங்கிய கட்டச் சட்டையைப் பெட்டியோடு எடுத்து வந்தேன். அக்கா அதைத் தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கு சேர்த்து, காலர் ஓரத்தில் மஞ்சள் தடவி நீட்டினாள். மாமா போட்டுக்கொண்டார். தோள் இரண்டு விரல் இறங்கியிருந்தது. ரிப்பேருக்கு வந்த பைக்கின் கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, "லூசா கீது" என்றார். பிறகு அக்காவிடம், "அவனுக்குச் சோறு போடு" என்றார்.

சாப்பிட்டேன். காதுகுத்து பற்றிப் பேச்சே இல்லை. மூன்றரைக்கு வண்டியை உதைக்கப் போனபோது லினன் சட்டையோடு மாமா வந்தார். துணியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இத நீயே போட்டுக்கினு வா மச்சான். புதுத்துணி சொரசொரன்னு கீது, புள்ள மடியில உக்கார மாட்டா."

சட்டையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன்.

போகிறவர்களுக்கு: கச்சிராயபாளையத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் மலை இறங்கிவிடுங்கள். லினனை உங்களுக்கென்றால் துவைத்துப் போடுங்கள், உறவுக்காரருக்கென்றால் பின்னைக்கூட எடுக்காதீர்கள்.

என் சைஸ் 42. அந்த லினன் சட்டை 40, நடு பட்டன் இழுக்கிறது. காதுகுத்துக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது, ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டேன்.