ட்ரம்ஸ் தொடங்கியதும் எழுந்த நால்வர்

போன ஞாயிறு சாயங்காலம் ஜாஸ் கேட்கப் போனேன். சிரிக்காதீர்கள்... நானேதான்!

அழைத்தவர் நடராஜன். மயிலாப்பூர் நண்பர், ரிட்டயர்டு இன்ஜினீயர். இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் வாங்கி ஹாலில் நிறுத்திவிட்டார். நிறுத்திய இடம்தான் வம்பு. வருஷாவருஷம் அவர் மனைவி வசந்தா கொலுப்படி கட்டுகிற இடம் அது. நவராத்திரிக்கோ இன்னும் மூன்றே வாரம்.

"இந்த ஜாஸ் ஆல்பத்தை மனுஷா யாராவது முழுசா கேப்பாளா? ஒருத்தராவது நடுவுல எழுந்து போகாம கேட்டுட்டா ஸ்பீக்கர் இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா ரெண்டும் பரணுக்கு" என்று வசந்தா தீர்ப்பு சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான்.

நடராஜன் ஆள் திரட்டினார். முதலில் நான். அடுத்து வெங்கு மாமா -- மார்கழியில் ஒரே நாளில் மூன்று கச்சேரி கேட்கிறவர். மாமாவை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் செல்வம் வாசலில் வெயிட்டிங்கில் இருந்தார். எண்ணிக்கைக்கு ஆகும் என்று அவரையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"எட்டே பாட்டு. கால் மரத்துப்போனாலும் எழுந்திருக்காதீங்கோ. பத்து வருஷமா ஆசைப்பட்டு வாங்கினது" என்று கெஞ்சினார் நடராஜன். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அவரோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். ஒருத்தர்கூடவா தேற மாட்டோம்?

ஆல்பம் தொடங்கியது. இந்தக் காலத்து ஜாஸ் கிட்டாரிஸ்ட். பெயர் என் வாயில் நுழையவில்லை. ஒரு ஸ்வரம் வாசிப்பார். யோசிப்பார். நமக்கும் யோசிக்க நேரம் கொடுப்பார்.

வெங்கு மாமா தொடையில் தாளம் போட்டார். ஏழு எண்ணிப் பார்த்தார், ஐந்து எண்ணிப் பார்த்தார், கடைசியில் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. "கல்யாணி மாதிரிதான் கிளம்பினார் ஓய். பக்கத்துத் தெருவுல நுழைஞ்சுட்டார்!"

"இன்னா சார், மன்சன் ராங் ரூட்லயே போய்க்கினு கீறாரு..." என்றார் செல்வம். கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆனா எங்கயும் இடிக்காம போறாரு சார்!"

நான்? கண்ணை மூடிக்கொண்டேன். புரியாத சங்கீதத்தை ரசிக்க இதைவிடப் பாதுகாப்பான வழி கிடையாது. ஆனால் ஐந்தாவது பாட்டில் ஒரு அதிசயம்... நிஜமாகவே பிடித்துப்போய்விட்டது! ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

சமையலறையிலிருந்து போண்டா வாசனை வந்தது. யாரும் அசையவில்லை. ஆறு முடிந்தது, ஏழு முடிந்தது. நடராஜன் முகத்தில் வெற்றிக் களை.

எட்டாவது பாட்டு. பாதியில் கிட்டார் நின்றது. ட்ரம்ஸ் மட்டும் தனியாகக் கிளம்பியது.

சபாவுக்குப் போகிறவர்களுக்கு விளக்க வேண்டுமா என்ன? பாட்டு நின்று மிருதங்கம் தனி ஆவர்த்தனம் தொடங்கினால் நமக்கு ஒரே வேலைதான் -- கேன்டீன்! வெங்கு மாமா எழுந்தார். நான் எழுந்தேன். வாசனை வந்த திசையில் நடந்தோம். மூளையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் ஒருவர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். யாரென்று பார்த்தால்... நடராஜன்!

மிச்சம் இருந்த ஒரே நம்பிக்கை செல்வம். சபாவுக்குள் கால் வைக்காதவர். திரும்பிப் பார்த்தேன். சாவியும் கையுமாக வாசலுக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனச்சுக்காத சார்! இருவது வருசமா சபா வாசல்ல சவாரி. உள்ள மேளம் மட்டும் தனியா கேட்டா, கஸ்டமர் வெளிய வராங்கோன்னு வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பயக்கம்!"

ரசனை ரசனை என்கிறோமே... அதில் பாதி காதில் இல்லை ஐயா, காலில் இருக்கிறது.

போச்சு. வாசலிலிருந்து திரும்பிவந்த செல்வத்தோடு சமையலறையில் அசடு வழிய நின்றோம். வாணலியில் போண்டா மிதக்கிறது. வசந்தாவைக் காணோம்.

ஹாலை எட்டிப் பார்த்தால், இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கையெல்லாம் மாவு. தலை மெல்ல ஆடுகிறது.

"வசந்தா..." என்றார் நடராஜன்.

"உஷ்! செத்த சும்மா இருங்கோ. கிட்டார் மறுபடியும் வரப்போறது. மொத பாட்டுலேர்ந்து உள்ளேர்ந்து கேட்டுண்டுதானே இருக்கேன்!"

நடராஜனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. "அப்போ... ஒருத்தர் முழுசா கேட்டாச்சு!"

"ஆச்சு. ஸ்பீக்கர் இருக்கட்டும், கொலுவை டைனிங் டேபிள் பக்கம் வெச்சுக்கறேன். அதை விடுங்கோ, போண்டா கருகறது. நாலு பேர் நிக்கறேளே, யாராவது திருப்பிப் போடப்படாதோ?"

இந்த ஞாயிறும் அழைப்பு வந்திருக்கிறது. ஜாஸ் கேட்க வசந்தா ஒருவர்... போண்டா போட நாங்கள் நாலு பேர்!