ஜப்பான் துரையின் கசெக்கி

துபாஷி வேலை பார்த்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? இரண்டு பாஷை தெரியும் என்று நம்மைக் கூப்பிடுவார்கள். மூன்றாம் பாஷைக்காரரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்கள். எனக்கு வாய்த்தவர் ஜப்பான்காரர். ஐரோப்பிய யுத்தத்துக்கு முந்தி, பருத்தி வாங்கத் திருநெல்வேலிக்கு வந்தவர். அவருக்கும் இங்கிலீஷ் அரைகுறை, எனக்கும் அரைகுறை. அடடா, எவ்வளவு நிம்மதியாகப் பேசிக்கொண்டோம்!

வண்டியிலிருந்து குதித்தார்

ராதாபுரத்துக்குப் போகும் வழி. துரை ஓடுகிற வண்டியிலிருந்து குதித்து, "கசெக்கி! கசெக்கி!" என்று கத்தினார். கையில் ஒரு கல். அதற்குள் பாதிச் சிப்பி, அதுவும் கல்லாகவே. செத்த சிப்பி மண்ணுக்குள் யுகக் கணக்கில் கிடந்து கல்லாகிவிட்டால் அது கசெக்கியாம். முழுசாக ஒன்று வேண்டும் என்றார். ஊரில் அவர் அப்பா படுத்த படுக்கை. ஆயுசு முழுக்க இந்தக் கற்களைச் சேர்த்தவராம். நம் நாட்டுக் கல் ஒன்றைத் தொட்டுப் பார்க்க அவருக்கு ஆசையாம்.

வண்டிக்காரர் பைய என் காதில் கேட்டார்: "என்ன அண்ணாச்சி, துரையத் தேள் கொட்டிட்டா?"

இட்லிக்கு வந்த மரியாதை

தேட வசதியாகத் துரை எனக்கு ஜப்பான் பாஷையில் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார்: 'கொரே வா கசெக்கி தெசு' என்றால் 'இது கசெக்கி'. வாக்கியம் சுலபமாக வந்துவிட்டது. எதைப் பார்த்துச் சொல்வது என்பதில்தான் திண்டாடினேன். கடற்கரைச் சங்கைக் காட்டினேன். "அது நேற்றுச் செத்தது" என்றார். கருங்கல்லைக் காட்டினேன். "அதற்கு உயிரே இருந்ததில்லை" என்றார். கடைசியில் சாலையோரக் கடையில் விறைத்துப்போன இட்லியைத் தூக்கிக் காட்டிச் சொன்னேன். மனிதர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இட்லிக்காரிக்கு ஒரே பெருமை: "துரைக்கு இன்னும் ரெண்டு வைக்கட்டுமா ஐயா?"

கோயில் சுண்ணாம்பு

அவர் கப்பலேற ஒரு நாள்தான் பாக்கி. ராதாபுரம் பக்கம் ஒரு சுண்ணாம்புக் காளவாய். சுடுவதற்குக் குவித்த கல்லுக்குள் உள்ளங்கை அகலத்தில் முழுச் சிப்பி, கல்லாக! கிறிஸ்தவர்கள் இருக்கிற வேதக்கார ஊர், அவர்கள் கோயிலுக்கு வெள்ளையடிக்க வீட்டுக்கு ஒரு கூடை சிப்பிக்கல் காணிக்கை. "கோயிலுக்குன்னு குடுத்தத எடுக்கப்படாது" என்றார் காளவாய்க்காரர். ஆதிகாலம், கடல், மண், கசெக்கி என்று நாக்கு வறள விளக்கினேன். ம்ஹும். பதிலுக்கு ஒரு கூடை பொறுக்கிப் போட்டால் பார்க்கலாம் என்றார்.

துரை கோட்டைக் கழற்றிவிட்டு உச்சி வெயிலில் குனிந்து பொறுக்கினார். எனக்கு மனசு கேட்கவில்லை, நானும் பொறுக்கினேன். கூடை நிறைந்ததும் காளவாய்க்காரர் கல்லைக் கொடுத்தார். துரை இரண்டு கையாலும் வாங்கி, குனிந்து வணங்கினார். யாருக்கு இது என்று காளவாய்க்காரர் என்னிடம் கேட்டார். சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது.

"படுத்துக் கெடக்குத தகப்பனுக்கா? அத மொதல்லயே சொல்லப்படாதா வே! கல்லப் பத்தி இம்புட்டுப் பேசினீரே!"

ஒரு சொல்லை எதைப் பார்த்துச் சொல்வது என்று ஜப்பான்காரரிடமும், எதை முதலில் சொல்வது என்று காளவாய்க்காரரிடமும் படித்த ஒரே துபாஷி நானாகத்தான் இருப்பேன்.