மாமன் பெயருக்கு முன்னால்

கல்யாணப் பத்திரிகை யார் கொடுத்தாலும் நான் முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதில்லை. 'தெய்வத்திரு' யார் பெயருக்கு முன்னால் இருக்கிறது என்றுதான் முதலில் தேடுவேன். நேற்று வந்த பத்திரிகையிலும் அப்படித்தான். மூலையில் தடவிய மஞ்சள் வாசனை மூக்கில் ஏறியதுமே விரல் பெயர்களின் மேல் ஓட ஆரம்பித்துவிட்டது. சிரிக்காதீர்கள், கேளுங்கள்.

வேங்கிக்காலில் ஒரு மாடி அறையில், கணிதப் பாடநூல்களுக்கு லேடெக் என்கிற மென்பொருளில் பக்கம் அமைக்கிற வேலை எனக்கு. பக்கம் இப்படி வரவேண்டும் என்று கட்டளைகளாக எழுதிவிட்டால் கணினியே கோத்துத் தந்துவிடும். அந்தத் திமிரில், தங்கை கல்யாணப் பத்திரிகையை நானே அமைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். பெயர்களுக்கென்று தனிக் கட்டளையே எழுதினேன். ஒரு பெயரை வாங்கியதும், அடுத்து என்ன எழுத்து வருகிறது என்று அது எட்டிப் பார்க்கும். சதுர அடைப்புக்குறி இருந்தால் ஆள் காலமானவர் என்று கணக்கு. பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' போடும். இல்லாவிட்டால் சும்மா போய்விடும். தாத்தா பெயரில் போட்டுப் பார்த்தேன், அழகாக வந்தது. அடேயப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை!

எங்கள் பக்கம் தடுக்கி விழுந்தால் ஒரு ஏழுமலை. உறவிலேயே இரண்டு பேர். அம்மாவின் அண்ணன் ஏழுமலை மாமா இருப்பது அடி அண்ணாமலையில். குழப்பம் வேண்டாம், அவருக்கு ஊரைப் போடு என்றாள் தங்கை. கடைசி நேரத்தில் அவர் பெயருக்கு அடுத்த வரியில், சதுர அடைப்புக்குறிக்குள் ஊரைத் தட்டினேன். இடைவெளி, அடுத்த வரி எல்லாவற்றையும் தாண்டித்தான் அந்தக் கட்டளை எட்டிப் பார்க்கும் என்பது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அது ஊர்ப் பெயரை விழுங்கிவிட்டு, மாமாவுக்குத் 'தெய்வத்திரு' போட்டுவிட்டது. அச்சுக்குக் கொடுக்கும் முன் பக்கத்தைச் சாய்ந்து உட்கார்ந்து ரசித்தேன். ஒரு பெயரையும் படிக்கவில்லை.

முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. அம்மா தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டினாள். மாமா கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க, அத்தைதான் வாங்கி வாய்விட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"என் கழுத்துல தாலி இருக்குதே, அது தெரியலையா உனக்கு?"

அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மன்னிப்புக் கேட்கவில்லை. அடைப்புக்குறி, கட்டளை, அடுத்த எழுத்து என்று அத்தைக்கு விளக்க ஆரம்பித்தேன். ஐயோ, இப்போது நினைத்தாலும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, "சரி, மிஷின் எட்டிப் பாத்துது. நீ பாத்தியா?" என்றார்.

பத்திரிகையைப் புதிதாக அடித்தோம். மாமா கல்யாணத்துக்கு வந்தார்; தாய்மாமன் முறை ஒன்றையும் குறைக்கவில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலம் போகையில் இன்றைக்கும் அவர் வீட்டில் நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறேன். முன்பெல்லாம் என் தலை தெருவில் தெரிந்ததுமே, "இன்னாடா மாப்ள, நடக்கிறியா, உருள்றியா?" என்று முதுகில் ஒன்று வைப்பார். இப்போது எழுந்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார். "வாங்க தம்பி, உக்காருங்க" என்கிறார்.