வெறுங்காலில் வீடு காட்டுகிறவள்

டெல்லியில் வீடு பார்க்கக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் இப்போது வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிடுகிறார்கள். பக்தியால் அல்ல. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு டிவியில் புது வீடுகளைச் சுற்றிக் காட்டும் இளவரசிதான் காரணம். அவளுக்குக் கேமரா பிடிக்கிறவன் நான், ஜெயராம். எட்டு வருடமாக அவள் காலைப் படம்பிடித்தே நம் வீட்டில் அடுப்பெரிகிறது என்று என் மனைவி கிண்டல் செய்வாள். உண்மைதான், எனக்கு அதில் வெட்கமெல்லாம் இல்லை.

இளவரசி ஆர்.கே.புரத்துக்குப் பின்னால் ஒரு குடிசைப் பகுதியில் வளர்ந்தவள். அம்மா செல்லம்மாள் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஐந்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தார். பள்ளி விட்டதும் மகளும் அங்கேதான் போவாள். ஹால் சோபாவைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள். ஆனால் எந்த வீட்டுக் குழாய் எத்தனை மணிக்கு நிற்கும், எந்தக் குளியலறையில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. படித்து முடித்து, துவாரகாவில் ஒரு வீட்டுத் தரகர் அலுவலகத்தில் ரிசப்ஷனிஸ்ட் ஆனாள். அங்கிருந்துதான் எங்கள் இந்தி சேனலின் ஆடிஷனுக்கு வந்தாள்.

அன்று வந்தவர்கள் மூன்று பெண்கள். ஒரு புது ஃப்ளாட்டைக் கேமரா முன் சுற்றிக் காட்ட வேண்டும். மற்ற இருவரும் ஹீல்ஸ் டக் டக்கென்று ஒலிக்க ஹாலுக்கு வந்து, ஜன்னல் பக்கம் கை நீட்டிச் சிரித்தார்கள். இவள் வாசலில் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டு, ஹாலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராகச் சமையலறைக்குள் போய்விட்டாள். பழக்க தோஷம். டைரக்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அரே, நீ வீடு காட்ட வந்தியா, பாத்திரம் தேய்க்க வந்தியா?" என்று இந்தியில் கத்தினார்.

"பாத்திரம் தேய்க்கிறவங்களுக்குத்தான் சார் வீடு தெரியும்" என்று அவளும் இந்தியிலேயே சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்தாள். "இந்த சிங்க் நாலு விரல் தாழ்வா இருக்கு. இங்க யார் நின்னாலும் பத்து வருஷத்துல முதுகு போயிடும்."

நான் கேமராவைத் தாழ்த்தி அவளுடைய வெறுங்காலை எடுத்தேன். நக்கலுக்காகத்தான் எடுத்தேன், மறைப்பானேன்! அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் சேனல் தலைவி, "இவளையே எடுங்கள்" என்றார்.

அப்புறம் ஏறுமுகம்தான். அவள் வருகிறாள் என்றால் பில்டர்கள் குழாய் எல்லாவற்றையும் திறந்து பார்த்து வைத்தார்கள். மெட்ரோவில் பெண்கள் அவளை மறித்துத் தங்கள் வீட்டுப் பிளான் காகிதத்தை நீட்டினார்கள். டிசம்பரில் டைல்ஸ் ஐஸாகக் கிடக்கும். சாக்ஸாவது போடும்மா என்றால், "சாக்ஸுக்கு ஈரம் தெரியுமாண்ணா?" என்பாள். செல்லம்மாள் ஒவ்வொரு வீடாக வேலையை விட்டார். ஐந்தாவது வீட்டையும் விட்ட அன்று இளவரசி யூனிட் முழுவதற்கும் ஜிலேபி வாங்கினாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வந்தது வம்பு. நொய்டா பக்கம் ஒரு பெரிய பில்டர், பெயர் வேண்டாம், பணம் கட்டி எங்கள் நிகழ்ச்சியையே பத்து வாரத்துக்கு எடுத்துக்கொண்டார். முதல் வாரம் நேரலை. நிகழ்ச்சியைத் திரையில் பார்த்துவிட்டு, முடிந்ததும் புக் செய்யக் கீழே நாற்பது குடும்பங்கள் காத்திருக்கும். ஒரே ஒரு நிபந்தனை: இளவரசி ஹீல்ஸ் போட்டுத்தான் வர வேண்டும். கழற்றினால் வேலை இல்லை என்று டைரக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

முந்தின நாள் செல்லம்மாளும் மகளிடம் கெஞ்சினாராம். "போட்டுக்கினு போயேன்டி. ஒரு மணி நேரந்தான? மறுபடி சபீனாப் பொடியும் கையுமா நிக்க என்னால முடியாதுடி." காரில் வரும்போது இளவரசிதான் இதைச் சொன்னாள்.

ஃப்ளாட் வாசலில் ஹீல்ஸோடு நின்றாள். நான் விரலை மடக்கி மூன்று, இரண்டு, ஒன்று காட்டினேன். சிரித்து வணக்கம் சொன்னாள். பிறகு குனிந்து இரண்டு ஹீல்ஸையும் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள்.

சமையலறை நன்றாகவே இருந்தது, அதையும் சொன்னாள். பெரிய படுக்கையறையில், குளியலறைச் சுவரோரம் வந்ததும் நின்றாள். பாதத்தை அழுத்தினாள். நேராகப் பால்கனிக்குப் போனாள். ஏப்ரல் வெயிலில் காய்ந்து கிடந்த தரையில் அவள் பாதம் ஐந்து விரலோடு ஈரமாகப் பதிந்தது. "மழை பெஞ்சு ரெண்டு மாசமாச்சு" என்றாள். "இந்த ஈரம் எங்கேர்ந்து வந்துதுன்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"முகத்தைக் காட்டு! முகத்தைக் காட்டு!" என்று டைரக்டர் என் காதில் அலறினார். நான் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அந்தப் பாதத்தடத்திலேயே கேமராவை நிறுத்தினேன். இருந்தது ஒரே கேமரா. விளம்பரத்துக்குப் போக ஸ்டுடியோக்காரர்களுக்கு அரை நிமிடம் பிடித்தது. அந்த அரை நிமிடம் என் வாழ்க்கையிலேயே நான் உருப்படியாக எடுத்த ஷாட்.

கீழே ஒரு குடும்பமும் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் இருவருக்கும் அன்று மாலையே வேலை போயிற்று.

ஆறாம் நாள் செல்லம்மாள், மகளுக்குச் சொல்லாமல், லக்ஷ்மிபாய் நகரில் முன்பு பாத்திரம் தேய்த்த ஒரு வீட்டுக்கு வேலை கேட்டுப் போனார். கதவைத் திறந்த தங்கம் அம்மாள் அவரை ஹால் சோபாவில் பிடித்து உட்கார வைத்தார். "எங்க வீட்டுக்காரர் ரிட்டையர் ஆகப்போறார், குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ஒரு ஃப்ளாட் பார்த்து வெச்சிருக்கோம். உங்க பொண்ணு வந்து ஒரு தடவை நடந்து காட்டுவாளா?" பாத்திர வேலை கேட்டுப் போனவர் கையில் விலாசத்தோடு திரும்பினார். மறுநாள் மூன்று விலாசம் வந்தது. நாங்கள் என் போனிலேயே படமெடுத்து இணையத்தில் போட்டோம். பன்னிரண்டாம் நாள் சேனலே எங்கள் இருவரையும் திரும்பக் கூப்பிட்டது. எந்த ஃப்ளாட் என்பதை இனி பில்டர் சொல்லக் கூடாது, தான்தான் சொல்வேன் என்றாள் இளவரசி. ஜல்தி ஜல்தியாக எழுதிக் கொடுத்தார்கள்!

போன மாதம் துவாரகாவில் சொந்தமாக இரண்டு அறை வீடு வாங்கிவிட்டாள். சாவி வாங்கிய அன்று அம்மாவுக்கு மெத்தென்ற வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி கொண்டுவந்தாள். "இது உன் வீடும்மா. இதப் போட்டுக்கினே உள்ள வா."

செல்லம்மாள் போட்டுப் பார்த்தார். இரண்டடி நடந்து கழற்றிவிட்டார். "இரு. நா மொதல்ல பாக்கணும்."

வெறுங்காலோடு இரண்டு அறையையும் மெதுவாக மிதித்து நடந்தார். எங்களுக்குப் பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது. கடைசியில் சமையலறைக்குப் போய், சிங்க் முன்னால் நின்று குழாயைத் திறந்து, இரண்டு கையையும் தண்ணீரில் நீட்டினார். முதுகு நேராக இருந்தது. நான் கேமரா கொண்டுபோகவில்லை.

"குனியவே வேணாம்டி" என்றார்.