யூரோக் கணக்கு திறக்கப் போன மிஸ்டர் வேலாயுதம்

இந்தப் பக்கத்தில் இதுவரை கோயில், கடற்கரை, வெந்நீர்க் கிணறு என்றுதான் எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை நான் போனது வங்கிக்கு. சிரிக்க வேண்டாம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனிகளுக்கு வேலை செய்யும் பிள்ளைகள் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்களைக் கூட்டிக்கொண்டு அலையப்போகும் அப்பாமாருக்கும் இது உதவும்.

என் மகள் தர்ஷிகா ஈச்சிலம்பற்றில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, ஜேர்மனியில் உள்ள ஒரு சிறிய கம்பனிக்குக் குசினி, அதாவது சமையலறை, வரைபடம் கீறுகிறாள். யாரோ ஒரு ஜேர்மன்காரர் வீட்டு அலுமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று முடிவு செய்வது என் மகள். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. ஒரு வருடமும் இரண்டு மாதமும் சம்பளம் அங்குள்ள என் மைத்துனரின் கணக்குக்குப் போய், அவருக்கு நேரம் கிடைக்கும்போது இங்கே வந்தது. போன செவ்வாய்க்கிழமை கம்பனி எழுதியது: இனி வரைபவரின் சொந்தப் பெயரில் உள்ள கணக்குக்கே பணம் வரும், வெள்ளிக்கிழமைக்கு முன் வங்கியின் கடிதம் வராவிட்டால் அடுத்த ஆறு மாத வேலை வேறொருவருக்கு. எனவே வியாழன் காலையே புறப்பட்டோம்.

காலை 5.40க்கு பஸ். இருவருக்கும் 500 ரூபா. நான் இருபத்தாறு வருடம் பஸ் நடத்துநராக இருந்தவன். அன்றைய நடத்துநர் என்னை அடையாளம் கண்டு காசு வேண்டாம் என்றார். அப்படிச் சொல்லும் நடத்துநரை எனக்குப் பிடிக்காது, டிக்கெட் கிழிக்க வைத்தேன். மூதூர் 6.35, கிண்ணியா 7.20, திருகோணமலை பஸ் நிலையம் 8.05. மொத்தம் 68 கிலோமீற்றர். இந்த நகரத்தில் தெருவிலேயே திரியும் மான்கள் எங்களுக்கு முன்பே வந்து குப்பைத் தொட்டியைச் சோதித்துக்கொண்டிருந்தன. தேநீரும் வடையும் 260 ரூபா. வங்கிகள் ஒன்பது மணிக்குத் திறக்கும்.

முதல் வங்கியில் அதிகாரி என்னைப் பார்த்தே கேட்டார், "கணக்கு உங்களுக்கோ சேர்?" மகளைக் காட்டினேன். அடுத்த கேள்வியும் என்னிடம்தான் வந்தது. அங்கே கணக்கு திறக்கும்போதே நூறு யூரோ வைப்பிட வேண்டுமாம். ஈச்சிலம்பற்றில் யூரோ எந்த மரத்தில் காய்க்கிறது? இரண்டாவது வங்கியில் முன்பணம் தேவையில்லை, ஆனால் வரும் யூரோவை டொலராக மாற்றித்தான் வைப்பார்கள். பிறகு டொலரை ரூபாவாக்க வேண்டும். இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை வெட்டு. இதைக் கண்டுபிடித்தது தர்ஷிகா. நான் குளிரூட்டியின் கீழ் நல்ல கதிரையாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வங்கி உட்துறைமுக வீதிப் பக்கம், ஓட்டோவுக்கு 250 ரூபா. யூரோவை யூரோவாகவே வைக்கலாம், முதல் சம்பளமே முதல் வைப்பாக இருக்கலாம். கிண்ணியாவைச் சேர்ந்த நஸீரா என்ற அதிகாரி எல்லாவற்றையும் மகளிடமே பேசினார். அதிலேயே எனக்கு அந்த வங்கி பிடித்துவிட்டது. பணம் எங்கிருந்து வரும் என்பதற்குச் சான்றாகக் கம்பனியின் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படித்தவர் நிமிர்ந்தார்.

"இதுல மிஸ்டர் வேலாயுதம் எண்டு மட்டும்தான் போட்டிருக்கு. வேலாயுதம் ஆரு?"

"நான்தான்" என்றேன். எனக்கே விளங்கவில்லை.

நடந்தது இதுதான். அடையாள அட்டையில் என் பெயர் முதலிலும் அவள் பெயர் பின்னாலும் இருக்கிறது. கம்பனியின் படிவத்தில் இரண்டு பெட்டிகள். அட்டையில் இருந்த வரிசையிலேயே நிரப்பிவிட்டாள். முதல் பெட்டியில் இருப்பதே ஆளின் பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இது அவளுக்கு முதல் வாரமே தெரியும். வேலை நிலைக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்து, பிறகு சொல்லவே கூச்சமாகிவிட்டதாம்.

நஸீரா சிரித்துவிட்டார். "எனக்கும் வாப்பாட பேருதான் முன்னுக்கு. கொழும்பில இருந்து போன் எடுத்து, மிஸ்டர் ஹனீபா இருக்காரா எண்டு என்னட்டயே கேப்பாங்க. ஆனா தங்கச்சி, இந்தக் கடிதத்த வச்சு உங்கட பேருல திறக்க ஏலாது. மூணு மணிக்குப் பூட்டிருவம். ரெண்டரைக்குள்ள திருத்தின கடிதத்தக் கொண்டு வாங்க."

வெளியே வந்ததும் நான் சொன்னேன், "பிள்ளை, என்ர பேரிலயே திறப்பம். அடையாள அட்டை பொக்கற்றில கிடக்கு. அவங்களுக்கும் பேர் சரி, உனக்கும் வேலை போகாது."

"ஏலாதப்பா. கீறுறது நான். வேலை போறதெண்டாலும் என்ர பேரில போகட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. கையில் கிடைத்ததைத் தட்டிவிடுகிறாளே என்று கடற்கரை வரை அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தேன். அவள் ஒரு மரத்தடியில் நின்று, தான் பெண் என்றும், வேலாயுதம் தன் அப்பா, ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர் என்றும் போனில் எழுதி அனுப்பினாள். அப்போது 11.50. ஜேர்மனியில் காலை 8.20. மதியச் சாப்பாடு மீனோடு இருவருக்கும் 900 ரூபா. இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

1.50க்குப் பதில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். 'மன்னியுங்கள் தர்ஷிகா. உங்கள் அளவுகள் ஒரு மில்லிமீற்றரும் பிழைத்ததில்லை, உங்கள் பெயரில் நாங்கள்தான் பிழைவிட்டோம்.' திருத்திய கடிதமும் கூடவே இருந்தது. எனக்கு அந்தத் தெருவில் போகிற எல்லோரையும் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல் இருந்தது. ஓட்டோக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் 50 ரூபா குறைத்தார்.

2.20க்கு நஸீராவின் முன் இருந்தோம். 2.55க்குக் கணக்கு இலக்கத்துடன் வங்கிக் கடிதம் கம்பனிக்குப் போய்விட்டது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். அடையாள அட்டை, முகவரிக்கு ஒரு மின்சாரக் கட்டணப் பட்டியல், வேலை தருபவரின் கடிதம் மூன்றையும் கொண்டுபோங்கள். அட்டையிலும் கடிதத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஒரே வங்கியில் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். குறைந்தபட்ச மீதி எவ்வளவு, வரும் பணத்துக்குக் கட்டணம் என்ன, இடையில் வேறு வங்கி ஏதும் வெட்டுமா, எந்த நாணயத்தில் வைப்பார்கள் என்று கேளுங்கள். விதிகள் மாறும், ஆகவே போகும் நாளில் மறுபடி கேளுங்கள். படிவத்தில் முதல் பெட்டியில் உங்கள் பெயர், கடைசிப் பெட்டியில் அப்பாவின் பெயர். அப்பாமார் கோபிக்க மாட்டோம்.

திரும்பும் பஸ்ஸில் கம்பனி அனுப்பிய பதிலின் கடைசி வரியையும் சொன்னாள்: 'மிஸ்டர் வேலாயுதத்துக்கும் எங்கள் வணக்கம்.' ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஜேர்மன் கம்பனியில் வேலை பார்த்த வேலாயுதம், வியாழக்கிழமை பிற்பகல் 2.55க்கு ஓய்வுபெற்றார். இது எனக்கு இரண்டாவது ஓய்வு. முதல் ஓய்வில் எனக்கு மாலை போட்டார்கள், ஆனால் இவ்வளவு சந்தோசம் இருக்கவில்லை.